கைவழித் தையல்

நுழையும்முன்

தெரிந்த வேலையைத் திறம்படச் செய்பவர்களே புதிய வேலையைத் தொடத் தயங்குவதுண்டு. அத்தயக்கம் சோம்பலால் வருவதன்று. பல நேரங்களில் அதற்குத் தக்க காரணங்களும் இருக்கும். அக்காரணங்களைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மாற்று எது என்பதை ஒரு தையற்கலையின் வழியே ஆராய்கிறது இக்கட்டுரை.

பஞ்சும் நூலும் துணியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்தவை இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும். கரிசல் நிலத்தின் பருத்தி இவ்வட்டாரத்தின் வாழ்வைப் பின்னிப் பிணைத்திருக்கிறது. இராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டு நூற்பாலையைத் தொடங்கினார். அருகிலுள்ள சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்வதில் பெயர் பெற்றது. தளவாய்புரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பெண்கள் அணியும் நைட்டி தைப்பதில் அறியப்பட்டவை. திருவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம் கைத்தறி நெசவாளர்களின் ஊர். பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி உடையாகும் வழி முழுவதையும் ஒரு நாள் பயணத்தில் கண்டுவிடக்கூடிய பகுதி இது.

இத்தகைய பகுதியில் தையல் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டு வாசலை ஒட்டிய சிறு அறையில் தையல் இயந்திரத்தை இட்டு, வெட்டி அனுப்பப்பட்ட துணிகளை மூட்டித் தரும் பெண்கள் பலர். தோள், கை, பக்கம், அடிமடிப்பு என்று நேர்கோட்டில் அவர்கள் ஓட்டும் தையலில் ஓர் இழை பிசகாது. ஆயினும், அவர்களுள் ஒருவரிடம் அதே இயந்திரத்தில் ஒரு கொடியையோ மயிலையோ கைபோன போக்கில் வரையுமாறு கூறினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை, “அது நமக்கு வராது” என்பதுதான். பத்தாண்டுகள் தைத்த கை ஏன் அவ்வாறு பின்வாங்குகிறது? விடை கூறுமுன் அத்தையலின் இயல்பை அறிதல் வேண்டும்.

இயந்திரம் விட்டுக்கொடுக்கும் இடம்

தையல் இயந்திரத்தின் ஊசித்தட்டுக்குக் கீழே சிறிய பற்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு தையலுக்கும் ஒருமுறை அவை மேலெழுந்து, துணியைப் பின்னோக்கித் தள்ளி, மீண்டும் கீழிறங்குகின்றன. மேலிருந்து அழுத்துபாதம் துணியைப் பிடித்துக்கொள்கிறது. தையலின் நீளத்தை உறுதி செய்பவை அப்பற்களே. தைப்பவர் துணியைத் திசைதிருப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். நகர்த்தும் பொறுப்பை இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது.

அப்பற்களைத் தாழ்த்திவிட்டாலோ, ஒரு தகட்டால் மூடிவிட்டாலோ நிலைமை மாறிவிடும். ஊசி இருந்த இடத்திலேயே மேலும் கீழும் இயங்கும், துணி நகராது. துணியை முன்னும் பின்னும், இடமும் வலமும், வளைத்தும் சுழற்றியும் நகர்த்தும் பொறுப்பு முழுவதும் தைப்பவரின் கைகளுக்கு வந்து சேரும். எழுதும்போது தாள் அசையாதிருக்க எழுதுகோல் நகர்கிறது. இங்கு எழுதுகோல் அசையாதிருக்கத் தாள் நகர்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபிரீ மோஷன்’ என வழங்கும் இம்முறையைக் கைவழித் தையல் எனலாம்.

ஒற்றைத் துணியை வளையத்தில் இறுக்கி இம்முறையில் பூவேலை செய்வதை நம் தையற்காரர்கள் ‘மெஷின் எம்பிராய்டரி’ என்பர். மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி என மூன்றையும் ஒருசேரத் தைத்துப் போர்வையாக்குவது மெத்தைத் தையல். அம்மூன்று அடுக்குகளும் விலகாதவாறு முதலில் பெரிய பெரிய தையல்களால் தற்காலிகமாகப் பிணைப்பர். பின்னர் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி ஓவியம்போல் தைத்துச் செல்வர். அத்தையல் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. உள்ளிருக்கும் பஞ்சு ஓரிடத்தில் திரளாமல் காப்பதும் அதுவே.

இம்முறையில் தையலின் நீளத்தை இரண்டு வேகங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, மிதிக்கும் காலின் வேகம்; மற்றொன்று, நகர்த்தும் கையின் வேகம். கை விரைந்து கால் தளர்ந்தால் தையல் நீண்டு தளர்வாகும். கால் விரைந்து கை தயங்கினால் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். ஊசி துணிக்குள் இருக்கும் நொடியில் துணியை இழுத்தால் ஊசி முறியும். ஆதலால் தொடக்கத்தில் எவருடைய தையலும் சீராக அமைவதில்லை. நேர்த்தையலில் தேர்ந்தவருக்கு இது பேரதிர்ச்சியாகிறது. ஏனெனில், தம் கை இவ்வளவு கோணலாகத் தைத்ததை அவர் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை.

தயக்கம் ஒன்றன்று

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று ஆராய்ந்த பின்னரே மருந்தைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் முறை. தயக்கத்துக்கும் அம்முறை பொருந்தும். கைவழித் தையலின்முன் எழும் தயக்கத்தை உற்றுநோக்கினால் மூன்று வேறு தயக்கங்கள் ஒரே பெயரில் மறைந்திருப்பது புலனாகும்.

முதலாவது, பொருள் பற்றிய தயக்கம். துணி வீணாகும், நூல் வீணாகும், ஊசி முறியும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்குப் பழகுவதில் கழியும் ஒரு மணி நேரம் என்பது அந்நேரத்துக்குரிய கூலியின் இழப்பு. இதனை அச்சம் என்று கூறுவதைவிடக் கணக்கு என்று கூறுவதே பொருந்தும்.

இரண்டாவது, பெயர் பற்றிய தயக்கம். நன்றாகத் தைப்பவர் என்று தெருவில் பெயர் எடுத்தவர், கற்றுக்குட்டியின் கோணல் கோட்டைப் பிறர் காணத் தைக்க விரும்பமாட்டார். அறியாதவர் பிழை செய்தால் அது இயல்பு. அறிந்தவர் பிழை செய்தால் அது பேச்சு.

மூன்றாவது, தகுதி பற்றிய தயக்கம். இயந்திரத்தில் செய்வது கலையாகுமா? ஊசியைக் கையில் பிடித்துத் தைப்பதன்றோ கைவேலை? இதனைச் செய்து என்ன பயன்? இத்தகைய வினாக்கள் தைப்பவரின் மனத்திலும், அதனைவிட மிகுதியாக அவரைச் சுற்றியிருப்பவர்களின் பேச்சிலும் எழுகின்றன.

இம்மூன்றுக்கும் ஒரே மருந்தாக, “துணிந்து செய்” என்று கூறுவது எளிது. ஆனால், கூலியை எண்ணித் தயங்குபவருக்குத் துணிவுரை உதவாது. அவருக்கு வேண்டுவது பழகுவதற்கான துணியும் நேரமும். பெயரை எண்ணித் தயங்குபவருக்குத் துணி மட்டும் போதாது; நகையாடாத சூழல் வேண்டும். தகுதியை எண்ணித் தயங்குபவருக்கு வரலாற்றறிவு வேண்டும்.

வரலாறு காட்டும் விடை

தகுதி பற்றிய ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தையல் தமிழருக்குப் புதியதன்று. துன்னுதல் என்பது தைத்தலைக் குறிக்கும் பழஞ்சொல். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரின் தொழிலாளர் வரிசையில் துன்னகாரரையும் குறிப்பிடுகிறது. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், கரிகாலனைக் காணச் சென்றபோது தையல்கள் நிறைந்த கந்தலையே உடுத்தியிருந்தான். கிழிந்ததைத் தைத்து உடுத்தல் வறுமையின் அடையாளமாக அங்கே அமைந்தது.

அக்கந்தலையே கலையாக்கிக் காட்டிய மக்களும் உண்டு. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவும் பறவையும் தைத்துக் காந்தா போர்வைகளைப் படைத்தனர். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒட்டித் தைத்துக் கவந்தி என்னும் போர்வைகளை உருவாக்குகின்றனர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், உழவுப்பணியில் நைந்த உடைகளைக்கொண்டு குளிருக்காகத் தைத்த போர்வைகள், 2002ஆம் ஆண்டு நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்தில் ஓவியங்களுக்கு இணையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. தைத்தபோது அவற்றைக் கலை என்று அப்பெண்களுக்கு எவரும் சான்று வழங்கவில்லை.

இவை கையால் தைக்கப்பட்டவை; இயந்திரத்துக்கு அத்தகுதி உண்டா என்று வினவலாம். தையல் இயந்திரம் பிறந்தபோதே எதிர்ப்பையும் உடன்கொண்டு பிறந்தது. பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே 1830ஆம் ஆண்டு தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். படைவீரர்களின் உடைகளைத் தைக்கப் பாரிசில் நிறுவப்பட்ட அவருடைய பட்டறையைப் பிற தையற்காரர்கள் புகுந்து உடைத்தெறிந்தனர். பிழைப்புப் பறிபோகும் என்பதே அவர்களின் அச்சம். அதனை அறியாமை என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

இயந்திரங்களின் பெருக்கத்தைக் கடுமையாக எதிர்த்த காந்தியடிகளே தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். 1924ஆம் ஆண்டு சாந்திநிகேதன் மாணவர் ஜி. இராமச்சந்திரன், அவர் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரானவரா என்று வினவினார். சிங்கர் தையல் இயந்திரத்தை எடுத்துக்காட்டிய அடிகள், மனைவி ஊசியும் நூலுமாகப் படும் பாட்டைப் போக்க அன்பினால் உருவாக்கப்பட்ட கருவி அது என்னும் கருத்தில் விடையளித்தார். மனிதனை அடிமையாக்காமல் அவனுக்கு உதவும் கருவி ஏற்கத்தக்கது என்பது அவர் வகுத்த எல்லை. வினவிய மாணவர்தாம், பிற்காலத்தில் டாக்டர் டி.எஸ். சௌந்தரத்துடன் இணைந்து 1947ஆம் ஆண்டு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

காந்தியடிகளின் அளவுகோலைக் கைவழித் தையலுக்குப் பொருத்திப் பார்ப்பது தக்கது. நேர்த்தையலில் இயந்திரம் துணியை நகர்த்துகிறது, மனிதர் உடன்செல்கிறார். கைவழித் தையலில் மனிதர் நகர்த்துகிறார், இயந்திரம் உடன்வருகிறது. கருவியிடமிருந்து கைக்கு ஆட்சி திரும்பும் முறையைக் கைவேலை அன்று என மறுப்பதற்குக் காரணம் இல்லை.

இருப்பினும் உலகம் இதனை உடனே ஏற்கவில்லை. சிங்கர் நிறுவனம் சாதாரண மிதி இயந்திரத்திலேயே பூவேலை செய்யும் முறைகளை விளக்கும் பயிற்சி நூலை 1911ஆம் ஆண்டே வெளியிட்டது. ஆயினும் போர்வைக் கலையில் கையால் தைத்தவையே உயர்ந்தவை என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அமெரிக்காவின் படூக்கா நகரில் நடைபெற்ற தேசியப் போர்வைக் காட்சியில், 1989ஆம் ஆண்டுதான் இயந்திரத்தால் தைத்த போர்வை ஒன்று முதன்முறையாகத் தலைமைப் பரிசு பெற்றது. சூரிய கிரகணத்தைக் கருப்பொருளாகக் கொண்ட அப்போர்வையைப் படைத்தவர் கேரில் பிரையர் ஃபாலர்ட். பரிசு கிடைத்தபின் பலர் இம்முறையை ஏற்றனர். ஆனால், அவர் தைக்கத் தொடங்கியபோது அப்பரிசு இல்லை. ஏற்பு வந்தபின் செய்யலாம் என்று அவரும் காத்திருந்தால் ஏற்பு வந்திருக்காது.

வாசலில் ஒரு பயிற்சி

பெயர் பற்றிய தயக்கத்துக்குரிய விடை தமிழர் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கோலமிடும் பெண் முன்வரைவு எதுவுமின்றி, விரல்களுக்கிடையே மாவை நழுவவிட்டுக் கோட்டை இழுக்கிறாள். கை மெதுவாகச் சென்றால் கோடு தடிக்கிறது. விரைந்தால் மெலிந்து அறுபடுகிறது. மாவு விழும் வேகத்துக்கும் கை நகரும் வேகத்துக்கும் இடையிலான இசைவே கோலத்தின் அழகு. கைவழித் தையலில் காலுக்கும் கைக்கும் இடையில் வேண்டப்படுவதும் இதே இசைவுதான். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சிக்குக் கோலத்தை இட அறிந்தவருக்குக் கைவழித் தையலின் பாதி ஏற்கெனவே கைவந்துள்ளது.

கோலத்தில் எழாத அச்சம் தையலில் எழுவது ஏன்? கோலத்தின் பிழையைப் புறங்கையால் அழித்துவிடலாம். அழிக்காவிட்டாலும் மறுநாள் காலையில் வாசல் தெளிக்கும்போது அது மறைந்துவிடும். பிழை ஒருநாள் வாழ்வுடையது என்பதனால் சிறுமியும் அஞ்சாமல் கோலமாவை எடுக்கிறாள். தையலோ பிரித்தாலும் ஊசித்துளைகளைத் துணியில் விட்டுச்செல்கிறது. எனவே, அச்சத்தை நீக்கும் வழி, தையலின் பிழையையும் கோலத்தின் பிழையைப்போல் குறுகிய வாழ்வுடையதாக்குவதே. கழிவுத் துணியில் பழகிப் பழகித் தூக்கியெறிந்தால் பிழையும் அதனுடன் போய்விடும்.

திருவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி இதற்கு மேலும் ஒரு சான்று. மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ, கட்டுவதற்கு வாழைநார் என வாடக்கூடிய பொருள்களால் அக்கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. நேற்றைய கிளி இன்றைக்கு உதவாது. நேற்று நன்றாக அமைந்தது என்பதற்காக இன்று செய்யாமல் விடவும் முடியாது. நேற்று குறை நேர்ந்திருந்தால் அதனை இன்று திருத்திக்கொள்ளவும் வழியுண்டு. தலைமுறை தலைமுறையாக அக்கிளியைச் செய்யும் கைகளின் தேர்ச்சி, ஒரே ஒரு குறையற்ற கிளியைச் செய்ததனால் வந்ததன்று. நாள்தோறும் தொடங்கியதனால் வந்தது.

பழகும் முறை

எந்தத் தயக்கத்தையும் நீக்குவதில் அறிவுரையைக் காட்டிலும் செய்முறைக்கு ஆற்றல் மிகுதி. கைவழித் தையலைப் பழகுவதற்கான படிகள் எளியவை. தையற்பள்ளிகளில் முதல் நாள் செய்வதுபோலவே நூல் கோக்காத இயந்திரத்தில் பழைய ஊசியைப் பொருத்தி, தாளில் தொடங்கலாம். நீக்கிய பற்களின் உதவியின்றித் தாளை நகர்த்தி, அதில் வரைந்த அலைகளின் மேல் ஊசித்துளைகள் விழுமாறு பழக வேண்டும். துளைகளின் இடைவெளி சீரானால் கையும் காலும் இசைந்துவிட்டன என்று அறியலாம்.

அடுத்து, இரண்டு கழிவுத் துணிகளுக்கிடையே பழைய பருத்திச் சேலையின் மடிப்பையோ மெல்லிய பஞ்சையோ வைத்து ஒரு சாண் அளவில் தைக்கலாம். அழுத்துபாதத்தைக் கழற்றியிருப்பினும் அதன் நெம்புகோலைக் கீழிறக்க மறக்கலாகாது. அதனை இறக்கினால்தான் மேல்நூலுக்கு இறுக்கம் கிடைக்கும். இல்லையேல் துணியின் அடியில் நூல் கூடுபோல் சிக்கிக்கொள்ளும். தொடங்கும்போது பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூல்களையும் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களைப் போட வேண்டும். விரல்கள் ஊசியிலிருந்து விலகியே இருத்தல் வேண்டும். கண் ஊசியை நோக்காமல், ஊசி அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தை நோக்க வேண்டும். முதல் வடிவமாகப் பூவோ மயிலோ வேண்டா. தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல் ஆறுபோல் வளைந்து செல்லும் கோடே போதும். அதில் ஒரு வளைவு பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் அமைந்தால் எவருக்கும் குறையாகத் தோன்றாது.

மேல்நூல் அறுந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஊசியின் மழுக்கமோ, இறுக்கத்தின் மிகுதியோ, சக்கரம் எதிர்ப்புறம் சுழன்றதோ ஆகும். இவை அனைத்தும் திருத்தக்கூடியவை. “எனக்கு வராது” என்பது திருத்த முடியாத முடிவு. “மேல்நூல் இறுக்கம் மிகுதி” என்பது திருகாணியைச் சற்றுத் தளர்த்தினால் தீரும் குறை. தன் கையைக் குறைகூறும் பழக்கத்திலிருந்து காரணத்தைத் தேடும் பழக்கத்துக்கு மாறுவதே பயிற்சியின் முதற்பயன்.

மறுப்புரைகள்

கணினி வழியே இயங்கும் பூவேலை இயந்திரங்கள் ஒரே வடிவத்தைப் பல துணிகளில் விரைந்து தைக்கும் இக்காலத்தில் கையால் துணியை நகர்த்திப் பழகுவது வீண் என்பர் சிலர். ஒரே பூவை ஆயிரம் உடைகளில் ஒன்றுபோல் பதிக்க வேண்டுமெனில் அவர்கள் கூற்று சரியே. அப்போட்டியில் கை வெல்லாது. ஆனால், பாட்டியின் சேலைகளைக்கொண்டு பேரக்குழந்தைக்கு ஒரு போர்வை தைக்கும்போது, அச்சேலையின் கிழிசலுக்கு ஏற்பவும் கரைக்கு ஏற்பவும் கோடு வளைந்தாக வேண்டும். ஒவ்வொன்றும் வேறாக இருக்க வேண்டிய இடத்தில் கைக்கே முதலிடம். கிழிந்ததைச் சீராக்குவதும் இத்தையலால் இயலும். துணிகளை விரைந்து வாங்கி விரைந்து எறியும் காலத்தில் பழையதைப் பயன்படுத்தும் திறன் சூழலுக்கும் நன்மை தருவது.

இதனைக் கற்றவர் அனைவரும் பெரும்பொருள் ஈட்டுவர் என்று உறுதி கூறுவது நேர்மையாகாது. சந்தை என்பது திறனால் மட்டும் அமைவதன்று. ஆனால், நேர்த்தையல் ஒன்றையே அறிந்தவர், பிறர் வெட்டி அனுப்பியதைப் பிறர் கூறிய கூலிக்குத் தைப்பவராகவே இருக்க நேர்கிறது. தாமே ஒரு வடிவத்தை எண்ணி, தாமே அதனைத் துணியில் இறக்கத் தெரிந்தவருக்குக் கூலிக்கு அப்பாலும் ஒரு வாயில் திறக்கிறது. அவ்வாயிலில் நுழைவதும் நுழையாததும் அவர் விருப்பம். வாயிலே இல்லாதிருப்பது வேறு.

யாருடைய பொறுப்பு?

தயங்குபவரை மட்டும் நோக்கிப் பேசி முடித்தல் முறையாகாது. பழகும் நேரத்துக்கான கூலியிழப்பைத் தனியொருவர் ஏற்க வேண்டியிருக்கும்வரை பொருள் பற்றிய தயக்கம் நீங்காது. தமிழ்நாடு அரசு, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அமைந்த திட்டத்தின்கீழ் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் இயந்திரங்களை வழங்குகிறது. மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் நெசவியலும் ஆடை வடிவமைப்பும் பாடமாக உள்ளன. இயந்திரமும் பாடமும் இருக்கின்றன. இவற்றுடன் சேர வேண்டியவை இரண்டு. ஒன்று, பழகித் தூக்கியெறியத்தக்க துணி. மற்றொன்று, மதிப்பெண்ணுக்கும் கூலிக்கும் உட்படாத சிறிது நேரம்.

இவ்வட்டாரத்தில் முதலாவது அரிதன்று. உடை தைக்கும் ஊர்களில் வெட்டியபின் எஞ்சும் துண்டுகளும், நெசவூர்களில் விற்பனைக்கு உதவாத குறைத்துணிகளும் இருக்கவே செய்கின்றன. அவை பள்ளிகளுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் சென்று சேர்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாரத்தில் ஒரு மணி நேரம் நால்வர் ஒன்றாக அமர்ந்து தைத்தால், நால்வரின் கோடுகளும் கோணலாக இருக்கும். ஒருவரை ஒருவர் நகைக்க இடமிராது. பெயர் பற்றிய தயக்கமும் அவ்வழியே கரையும். தையற்கலையைப் பெண்களுக்கு மட்டும் உரியதாக எண்ணும் வழக்கமும் மாற வேண்டும். கடைவீதியில் தையற்கடை நடத்துபவர்களுள் ஆண்கள் பலர். கூலிக்குத் தைத்தால் தொழில், வீட்டில் தைத்தால் பெண் வேலை என்னும் பாகுபாட்டுக்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை.

முடிவாக

துணிவு வந்தபின் தொடங்கலாம் என்று எண்ணுவோர் பலர். பழக்கமோ அதற்கு மாறான வரிசையில் நடக்கிறது. தொடங்கியபின், சில துணிகள் வீணானபின், எப்பிழை ஏன் நேர்ந்தது என்று தெரிந்தபின் வருவதே துணிவு. பொருள் உள்ளவருக்கு அது விரைந்தும், இல்லாதவருக்குத் தாமதித்தும் வருகிறது என்பதனால், பிழைக்குரிய செலவைப் பகிர்ந்துகொள்வது சமுதாயத்தின் கடமையாகிறது. ஒரு சாண் கழிவுத் துணி, ஒரு பழைய ஊசி, அரைமணி நேரம் ஆகியவற்றை ஒரு மாணவருக்கோ தையற்பெண்ணுக்கோ தர ஓர் ஊர் அணியமானால், “அது நமக்கு வராது” என்னும் விடை “இன்னும் வரவில்லை” என்று மாறும். அம்மாற்றத்துக்குப் பின் செய்ய வேண்டிய வேலையைக் கைகளே பார்த்துக்கொள்ளும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தையற்கலை அறிந்த ஒருவரைக் கண்டு, தையல் இயந்திர உறுப்புகளுக்கும் தையல் வகைகளுக்கும் வழங்கும் வட்டாரப் பெயர்களைத் திரட்டி அகரவரிசைப்படுத்துக.

2. பொருள், பெயர், தகுதி ஆகிய மூவகைத் தயக்கங்களுள் நீச்சல், மேடைப்பேச்சு, மிதிவண்டிப் பயிற்சி ஆகியவற்றில் மிகுந்திருப்பது எது? வகுப்பில் கலந்துரையாடுக.

3. “கணினிப் பூவேலை இயந்திரம் கைத்திறனை அழிக்கும் / வளர்க்கும்” – இரு அணியாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

4. கோலத்துக்கும் கைவழித் தையலுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை ஒரு பக்க அளவில் எழுதுக.